வேலையை விட்டுவிட்டுத் தொண்டில் இறங்குவது குறித்து

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

கணக்குத் தணிக்கையில் ஏழு ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் தம்பி, தமது வேலையால் யாருக்கும் பயனில்லை என்று தோன்றுவதாகவும், அதை விட்டுவிட்டு முழுநேரத் தொண்டில் இறங்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தார். சிலர் பாராட்டியும் சிலர் எச்சரித்தும் மறுமொழி தந்துவிட்டீர்கள். எனக்கு எழும் கேள்வி வேறு. தணிக்கை தெரிந்த ஒருவர் அந்தத் தேர்ச்சியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பிறருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எப்படி வந்தது?

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். தரவுத்தளங்களை வடிவமைப்பது என் தொழில். ஆயினும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள், வார இறுதி தோறும், பழைய துணிகளை மடித்துப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில், யாருக்கு எந்த உதவி போய்ச் சேர்ந்தது என்ற விவரம் நான்கு நோட்டுப் புத்தகங்களில் சிதறிக் கிடந்தது. ஒரு குடும்பத்துக்கு இருமுறை பொருள் போனதும் மற்றொன்று விடுபட்டதும் எவருடைய கண்ணிலும் படவில்லை. துணி மடிக்க யார் வேண்டுமானாலும் கிடைத்திருப்பார்கள். அந்த நோட்டுகளைச் சீராக்கித் தருமாறு அவர்களும் கேட்கவில்லை. விடுமுறை நாளிலும் அலுவலக வேலையா என்ற சலிப்பில் நானும் வாய் திறக்கவில்லை. உடம்பு களைத்தால்தான் தொண்டு செய்ததாக மனம் ஒப்புக்கொள்ளும் போலும்.

தணிக்கைக்கு வருகிறேன். பொருளியல் அறிஞர் பெஞ்சமின் ஓல்கன், இந்தோனேசியாவில் 600-க்கும் மேற்பட்ட ஊர்களில் நடந்த சாலைப் பணிகளை வைத்துச் செய்த ஆய்வை 2007-இல் வெளியிட்டார். அப்போது வழக்கமாக அத்தகைய பணிகளில் ஏறத்தாழ 4 விழுக்காடே அரசுத் தணிக்கைக்கு உள்ளாகிவந்தன. சில ஊர்களில் மட்டும், தணிக்கை உறுதியாக நடக்கும் என்று பணி தொடங்குமுன்பே அறிவித்தார்கள். பின்னர் பொறியாளர்கள் போட்ட சாலையைத் தோண்டி, உள்ளே இருந்த கல்லையும் மணலையும் அளந்து, அவற்றுக்கு ஆகியிருக்கக்கூடிய செலவைக் கணக்கில் காட்டிய செலவோடு ஒப்பிட்டார்கள். தணிக்கை உறுதி என்று சொல்லப்பட்ட ஊர்களில், காணாமல் போன பணத்தின் பங்கு சுமார் 8 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்திருந்தது. ஊர் மக்களைப் பெருமளவில் கூட்டத்துக்கு அழைத்துக் கணக்குக் கேட்க வைத்த முயற்சியோ, சராசரியாகப் பார்த்தால், பெரிய மாற்றத்தை உண்டாக்கவில்லை. தமது வேலை யாருக்கும் பயன்படவில்லை என்று எழுதிய தம்பி, அந்த வேலை யாருடைய கணக்கின் மேல் நடக்கிறது என்பதைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இடம் மாறும்போது ஒரு தேர்ச்சி எப்படிப் பெருகுகிறது என்பதற்கு நில்ஸ் போலின் என்ற சுவீடன் பொறியாளரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர் சாப் நிறுவனத்தில், போர் விமானியை ஆபத்து நேரத்தில் வெளியே வீசிக் காப்பாற்றும் இருக்கைகளை வடிவமைத்தவர். 1958-இல் வால்வோவுக்கு வந்தார். அப்போது கார்களில் இருந்த இடுப்புப் பட்டை, விபத்தின்போது வயிற்று உறுப்புகளையே நசுக்கக்கூடியதாக இருந்தது. விமானி எத்தனை வார்ப்பட்டைகளையும் பொறுத்துக்கொள்வார், கார் ஓட்டுபவரோ ஒரு நிமிடச் சிரமத்தையும் பொறுக்கமாட்டார் என்பதை உணர்ந்த போலின், மார்பையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிப்பதும் ஒரே கையால் மாட்டக்கூடியதுமான மூன்று முனைப் பட்டையை 1959-இல் உருவாக்கினார். அந்தக் காப்புரிமையைப் பிற கார் நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ விட்டுக்கொடுத்தது. அவர் வேலையைத் துறக்கவில்லை. கற்ற அதே பாடத்தை, நூற்றுக்கணக்கானோர் அமரும் இருக்கையிலிருந்து கோடிக்கணக்கானோர் அமரும் இருக்கைக்குக் கொண்டுபோனார்.

நிறையச் சம்பாதித்து அதில் பெரும்பங்கைக் கொடுத்துவிடுவதே சிறந்த வழி என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். பலருக்கு அது நல்ல வழிதான். ஆனால் பணம் எப்படி வருகிறது என்ற கேள்வியைக் கொடை அழித்துவிடாது. கொடுப்பதற்காகவே சம்பாதிப்பதாகச் சொல்லிவந்த சாம் பேங்க்மன்-ஃபிரீட் நடத்திய எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நாணயப் பரிமாற்ற நிறுவனம் 2022 நவம்பரில் சரிந்தது. மோசடிக்காக 2024-இல் அவருக்கு 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த நிறுவனத்தில் நம்பத்தக்க கணக்கு விவரமே இல்லை என்று, பின்னர் பொறுப்பேற்றவர் நீதிமன்றத்தில் தெரிவித்தார். தணிக்கையால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

தம்பி, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், ஆண்டுக்கு 50 வாரம் என்று 40 ஆண்டுகள் உழைத்தால் 80,000 மணி நேரம் ஆகிறது. நீங்கள் செலவழித்தது சுமார் 14,000. அந்த மணி நேரங்கள் வீணாகவில்லை. மீதியுள்ள 66,000-க்கான பயிற்சிக் காலம் அது. ஆகையால் அவசரம் தேவையில்லை. உங்கள் மனத்துக்கு நெருக்கமான துறையில் இயங்கும் நான்கைந்து அமைப்புகளை அணுகி, எந்தப் பொறுப்புக்குத் தகுந்த ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் திண்டாடுகிறார்கள் என்று கேளுங்கள். நீங்கள் வராவிட்டாலும் நாளையே வேறொருவர் வந்து செய்துவிடக்கூடிய வேலையை அவர்கள் காட்டினால், நன்றி சொல்லி அடுத்த அமைப்புக்குப் போங்கள். பேரேட்டைக் காட்டத் தயங்குகிற இடம் ஏதேனும் இருந்தால் அங்கே இன்னும் கொஞ்சம் பேசிப் பாருங்கள், ஏனெனில் உங்கள் தேவை அங்கேதான் அதிகம் இருக்கக்கூடும். அவர்கள் இசைந்தால் வாரத்துக்கு ஒரு மாலை வீதம் ஆறு மாதம் அவர்களது கணக்குகளோடு உட்காருங்கள். ராஜினாமாக் கடிதத்தை அதற்குப் பிறகு எழுதலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்