பதாகைக் குருடு வேண்டாம், ‘பதாகைப் பாராமை’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

விளம்பரச் சொடுக்குகள் (கிளிக்) கூடும்படி இணையப் பக்கங்களை வடிவமைப்பது பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொற்கள் தேடும் நம் உரையாடலில், பதாகை போலத் தோன்றுவதைப் படிப்பவர் கவனிக்காமலே கடந்துவிடுவதைக் குறிக்கும் ‘பேனர் பிளைண்ட்னஸ்’ என்பதற்கு முன்வைக்கப்பட்ட ‘பதாகைக் குருடு’, ‘விளம்பரக் குருட்டுத்தன்மை’ ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. பார்வையற்றோரை இழிக்கும் தொனி அவற்றில் உள்ளது என்று ஒரு நண்பர் சொன்னது சரியே, அந்த ஒரு காரணமே அவற்றைக் கைவிடப் போதும். நடப்பது இன்னதென்பதையே அச்சொற்கள் தவறாகக் காட்டுகின்றன என்பதையும் நான் சேர்க்க விரும்புகிறேன்.

ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்வே, லேன் ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வே இந்தச் சொல்லைப் பரப்பியது. பக்கத்தில் குறிப்பிட்ட தகவல் ஒன்றைத் தேடியவர்கள், அத்தகவலுக்கு இட்டுச்செல்லும் இணைப்பு பெரிதாகவும் வண்ணமாகவும் பதாகை வடிவில் வைக்கப்பட்டிருந்தபோது அதையே பலமுறை தவறவிட்டார்கள் என்பது அதன் கண்டுபிடிப்பு. தவறவிடப்பட்டது விளம்பரமே அன்று, விளம்பரம் போன்ற தோற்றம் கொண்டிருந்த, அவர்களுக்கு வேண்டிய இணைப்பு. ஆகவே ‘விளம்பர’ என்னும் முன்னொட்டு பொருந்தாது. தோற்றத்தைச் சுட்டும் ‘பதாகை’தான் பொருந்தும். கண்ணுக்கும் குறையொன்றும் இல்லை. பக்கத்தின் எந்தெந்த இடங்களில் தமக்கு வேண்டியது இருக்காது என்று பழகிப் பழகிக் கற்ற கண், அவ்விடங்களைத் தானாகவே தாண்டிச் செல்கிறது.

இதற்குத்தான் ‘பதாகைப் பாராமை’ என்பதை முன்மொழிகிறேன். ‘பாராமுகம்’ என்ற அழகான சொல் வழக்கில் இருக்கும்போது புதிதாக ஏன் ஒன்று என்று கேட்கலாம். பாராமுகம் என்றால் தெரிந்தே முகத்தைத் திருப்பிக்கொள்வது, அதில் மனவருத்தமோ செருக்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே நிகழ்வது அறியாமல் நிகழ்வது. ‘-ஆமை’ ஈற்றுச் சொற்கள் கொல்லாமை, வெஃகாமை போல நோன்பாகவே ஒலிக்கும் என்ற தயக்கம் எனக்கும் முதலில் இருந்தது. ஆனால் ‘அறியாமை’ என்பதில் எந்த நோன்பும் இல்லை, வெறும் நிலையைத்தான் அது குறிக்கிறது. பாராமையும் அந்த வரிசையில் நிற்கக்கூடியதே. ‘காணாமை’யையும் எண்ணிப் பார்த்தேன். பார்ப்பது கண்ணைச் செலுத்துவது, காண்பது மனத்தில் பதிவது என்ற வேறுபாட்டை வைத்துக்கொண்டால், பதாகையின்மேல் கண் பட்டும் பதியாத நிகழ்வுக்குக் காணாமை பொருந்தும்தான். ஆயினும் ‘காணாமல் போதல்’ என்ற வழக்கு குறுக்கிடுவதால் பாராமையே மேல் என்பது என் கருத்து.

வடிவமைப்பவர் கைக்கொள்ளும் உத்திகள் பலவும் இந்தப் பாராமையை வெல்வதற்கானவையே என்பதால், இந்தச் சொல் சரியாக அமைவது மற்றச் சொற்களுக்கும் உதவும். வலப்புறப் பட்டையில் 160-க்கு 600 புள்ளி (பிக்சல்) அளவில் நிற்கும் விளம்பரத்தைவிட, கட்டுரையின் பத்திகளுக்கு நடுவே வைக்கப்படும் 300-க்கு 250 அளவு விளம்பரம் படிக்கும் கண்ணின் வழியில் நிற்கிறது. படிப்பவர்களின் கண் பெரும்பாலும் இடப்பக்கத்தையும் மேல்வரிகளையும் பற்றிக்கொண்டு நகர்கிறது என்று 2006இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் விளக்கிய எஃப் வடிவப் போக்கும் இதனோடு ஒத்துப்போகிறது.

விளம்பரம் காட்டப்பட்ட தடவைகளில் எத்தனை சதவீதம் சொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் ‘கிளிக் த்ரூ ரேட்’ பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. சதவீதம் என்று ஏற்கெனவே சொல்லிப் பழகிய நமக்குச் ‘சொடுக்கு வீதம்’ இயல்பாக வரும், ‘விகிதம்’ என்பதை ‘ரேஷியோ’வுக்கு விட்டுவிடலாம். தொடுதிரையில் சொடுக்குவதில்லை, தட்டுகிறோம் என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் வழங்கி (சர்வர்) இரண்டையும் ஒரே நிகழ்வாகத்தான் பதிகிறது என்பதால் ஒரு சொல் போதும்.

அந்த வீதத்தின் வகுக்கும் எண்ணில்தான் சிக்கல் இருக்கிறது. விளம்பரம் ஒருமுறை பக்கத்தில் ஏற்றப்படுவதைக் குறிக்கும் ‘இம்ப்ரெஷன்’ என்பதைப் ‘பார்வை’ என்று எழுதினால், பக்கத்தின் அடியில் ஏற்றப்பட்டு எவர் கண்ணிலும் படாத விளம்பரமும் பார்க்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடும். ஆகவே ‘காட்டல்’ என்று எழுதுவோம். விளம்பரத்தின் பரப்பில் பாதியாவது திரையில் தொடர்ந்து ஒரு நொடி தெரிந்தால்தான் கணக்கில் கொள்வது என்னும் அமெரிக்க ஊடக மதிப்பீட்டு மன்றத்தின் அளவுகோலுக்கு உட்பட்டதைத் ‘திரைபட்ட காட்டல்’ எனலாம். ‘பார்த்த’ என்ற சொல் இங்கும் வரக்கூடாது. திரையில் பட்டதை மட்டும்தான் கருவி அறியும், கண்ணில் பட்டதா என்பதை அறியாது.

சொடுக்கு வீதம் உயர்ந்தது என்பதால் மட்டும் வடிவமைப்பு நன்றாக இருக்கிறது என்று கொள்ள முடியாது என்பதையும் நம் சொற்கள் காட்ட வேண்டும். பக்க எண்களுக்கு அருகிலோ பதிவிறக்கப் பொத்தானுக்கு ஒட்டினாற்போலவோ விளம்பரத்தை வைத்தால், விரல் தவறிப் பட்டு வீதம் ஏறிவிடும். அதைக் ‘கைதவறுச் சொடுக்கு’ என்போம். வலைத்தளத்தாருக்குப் பணம் கணக்கிடப்படாமல் தள்ளப்படும் சொடுக்குகளுக்குச் ‘செல்லாச் சொடுக்கு’ என்பது, செல்லாக் காசு, செல்லாத வாக்கு என்று சொல்லிப் பழகிய நமக்கு விளக்கமின்றியே புரியும். இரண்டும் ஒன்றல்ல. முன்னது நிகழ்ந்த விதத்தைச் சொல்கிறது, பின்னது கணக்கில் அதற்குக் கிடைத்த தீர்ப்பைச் சொல்கிறது. கைதவறியவை செல்லாதவற்றுள் அடங்கும். வலைத்தளங்களில் விளம்பரம் இட்டு அவற்றுக்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் சேவையின் விதிகளும் தற்செயலாகப் படும் சொடுக்குகளைச் செல்லாதவற்றில்தான் சேர்க்கின்றன. எந்திர நிரல்களின் வழியாகப் பெருக்கப்படுபவையும் செல்லாதவையே, ஆனால் அவற்றில் தவறுவதற்குக் கையே இல்லை.

இறுதியாக ‘லேஅவுட் ஷிஃப்ட்’. விளம்பரத்துக்கென உயரம் ஒதுக்கிவைக்காத பக்கத்தில், அது தாமதமாக வந்து நுழையும்போது கீழுள்ள எழுத்துகள் தள்ளப்படுகின்றன. இணைப்பைத் தட்டப்போன விரல் விளம்பரத்தின்மேல் விழுகிறது. இதற்கு முன்மொழியப்பட்ட ‘இடப்பெயர்வு’ மக்கள் புலம்பெயர்வதை நினைவூட்டுவதால், ‘பக்க நழுவல்’ என்பதை நான் விரும்புகிறேன். 2020இல் கூகுள் அறிவித்த பக்கத் தர அளவுகளுள், பக்கம் திறந்திருக்கும்போது நேரும் நழுவல்களைக் கணக்கிடும் ‘க்யூமுலேட்டிவ் லேஅவுட் ஷிஃப்ட்’ என்பதற்குத் ‘திரள் நழுவல்’ என்று பெயரிட்டால், ‘திரள் நழுவல் 0.1க்கு மேற்படாமல் இருப்பது நல்லது’ என்று நிரலாளர்களுக்குத் தடையின்றி எழுத முடியும். ‘திரள்’ என்பதைவிட ‘மொத்த’ என்பதே எளிது என்று கருதுவோர் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு மறுமொழி எழுதினால், இரண்டையும் அருகருகே வைத்துப் படித்து முடிவு செய்யலாம்.