கடைக்கு மதுபான லைசன்ஸ் எடுத்தவை சொல்லுங்கோ: மறக்கேலாத ஒரு விசயம்

தென்லண்டன் கடைக்காரன்
நோட்டீஸ் ஒட்டினது, பேப்பரில விளம்பரம் போட்டது, 190 பவுண் கட்டினது எல்லாம் இஞ்ச இருக்கிறவைக்குத் தெரிஞ்ச கதை. அதை விடுறன். கவுன்சிலில நடந்த ஹியரிங், அதுதான் விசாரணை, மட்டும்தான் இன்னும் மண்டைக்குள்ள நிக்குது.

ஆட்சேபிக்கக் குடுத்த 28 நாள் முடிய ரெண்டு நாள் இருக்கேக்க ஒரு ஆட்சேபணை வந்தது. ஒண்டே ஒண்டு. கவுன்சில் அனுப்பின கடதாசிக் கட்டில பேரையும் விலாசத்தையும் பார்த்தா, மூண்டு வீடு தள்ளி இருக்கிற வெள்ளைக்காரக் கிழவி. எட்டு வருசமா காலமை ஏழரைக்கு வந்து பாலும் பேப்பரும் வாங்கிறவ. நான் ஒப்பரேசன் செய்து படுத்திருக்கேக்க கார்ட் அனுப்பினவ.

லோயர் கடிதத்தை ஒருக்கா மேய்ஞ்சுபோட்டு, "இது எடுபடாது" எண்டார். இங்கிலாந்தின்ர 2003ஆம் ஆண்டு லைசன்ஸ் சட்டத்தில கணக்கெடுக்கிறது நாலே நாலு விசயம்: குற்றமும் குழப்பமும், பொதுப் பாதுகாப்பு, அயலுக்குத் தொல்லை, பிள்ளையளுக்குத் தீங்கு. மனுசி எழுதியிருந்தது தன்ர மகனைப் பற்றி. குடியை விட்டுப் பதினாலு மாசமாம். பஸ் பிடிச்சுப் போய் வாங்கிறதெண்டா யோசிக்க அவனுக்கு நேரம் கிடைக்கும், மூண்டு வீடு தள்ளியெண்டா கிடைக்காது எண்டு எழுதியிருந்தா. "அம்பத்திரண்டு வயசு ஆள் பிள்ளைக் கணக்கில வராது" எண்டு லோயர் பேனையை மூடி வைச்சார்.

ஹியரிங்கில மூண்டு கவுன்சிலர்மார். மனுசிக்கு ஐஞ்சு நிமிசம் குடுத்தவை, ரெண்டு நிமிசம்தான் கதைச்சா. என்னைப் பற்றிக் குறையாய் ஒரு சொல்லும் இல்லை. முடிய, தலைவர் நல்ல மரியாதையாத்தான் கேட்டார், "உங்கட ஆட்சேபணை நாலில எதுக்குக் கீழ வருது?" எண்டு. மனுசி பேப்பரைப் பிரட்டினா. பிறகு என்னைப் பார்த்தா. விலைத்துண்டு வாசிக்கேலாட்டி என்னைப் பார்க்கிற மாதிரி.

எனக்கு நாலும் பாடம். நான் குனிஞ்சு கடைப் பிளானைப் பார்த்துக்கொண்டிருந்தன்.

லைசன்ஸ் கிடைச்சது. மதுசாரம் 6.5 வீதத்துக்கு மேல உள்ள பியர் விக்கக்கூடாது, கமராப் பதிவு 31 நாள் வைச்சிருக்கவேணும், வழமையான கொண்டிசன்தான். அவ இப்பவும் ஏழரைக்கு வாறவ. முந்திக் காசைக் கையில தாறவ, இப்ப கவுண்டரில வைக்கிறா.

நீலத்தாள்
ஹியரிங் வரைக்கும் போனதே பெரிய விசயம் அண்ணை. நான் நோட்டீஸை வெள்ளைத் தாளில அடிச்சு ஒட்டிப்போட்டன். 25ஆம் நாள் கவுன்சில்காரி வந்து கண்ணாடிக்கு முன்னால நிண்டு, கைப்பையுக்குள்ள இருந்து ஒரு வெளிர்நீலத் தாளை எடுத்து என்ர நோட்டீஸுக்குப் பக்கத்தில பிடிச்சுக் காட்டினா. ஒரு வார்த்தை கதைக்கேல்லை. திரும்ப முதலாம் நாளில இருந்து. பிரிட்ஜ் எல்லாம் நிரப்பி வைச்சிருந்தனான்.

ஹரோ தம்பி
அண்ணை, இதில யோசிக்க என்ன இருக்கு? நீங்கள் விக்காட்டி அடுத்த சந்தியில இருக்கிறவன் விப்பான். மகனைப் பார்க்கிறது தாயின்ர வேலை.

கிளாஸ்கோ
தம்பி, அடுத்த சந்தியில விப்பான் எண்டதைத்தானே மனுசியும் சொல்லுறா, அது தூரமா இருக்கட்டும் எண்டு. ஸ்கொட்லாந்தில சட்டம் வேற. பொதுச் சுகாதாரத்தோட சேர்த்து ஐஞ்சு விசயம் எழுதிக் கிடக்கு. இஞ்சயெண்டா அந்த மனுசிக்குச் சொல்ல ஒரு பதில் இருந்திருக்கும். அதுக்காக இஞ்ச எல்லாம் திறம் எண்டு சொல்ல வரேல்லை. கடையில விக்கிறது காலமை பத்துக்குத்தான் தொடங்கலாம். 9.50க்கு ஒராள் வருவார். ஒண்டும் எடுக்கமாட்டார். ரில்லுக்கு மேல இருக்கிற மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நிப்பார். ஒருநாள் மணிக்கூடு நிண்டுபோச்சு, பற்றறி மாத்த மறந்துபோனன். மனுசன் பதினஞ்சு நிமிசம் அப்பிடியே நிண்டார், நான் கவனிக்கேல்லை. இதைப்போய் ஆருக்குச் சொல்லுறது?

அனுபவசாலி
எனக்குப் பெரிசா ஒண்டும் நடக்கேல்லை. ஒருக்கா சின்னப் பெட்டை ஒண்டை அனுப்பிச் சோதிச்சவை, மனிசி ஐடி கேட்டதால தப்பினம். ஆனா புதுசா எடுத்தவர் இதை வடிவாக் கேட்டுக்கொள்ளவேணும். விக்க மறுத்த ஒவ்வொரு தடவையும் கொப்பியில திகதி, நேரம் போட்டு எழுதுங்கோ. வெறுங்கொப்பி காட்டினால் நம்பமாட்டினம். மூண்டு மாசத்துக்குள்ள ரெண்டு தரம் பதினெட்டுக்குக் குறைஞ்சவைக்கு வித்துப் பிடிபட்டா கதை கந்தல். ஹோல்சேல்காரன் வரித் திணைக்களத்தில பதிஞ்ச நம்பரைச் சரிபாருங்கோ, 2017இல இருந்து அது எங்கட பொறுப்பு. வான் வண்டியில கொண்டுவந்து மலிவாத் தாறன் எண்டா கதவைச் சாத்துங்கோ. மதுபான விற்பனைக்குப் பொறுப்பாளராப் பேர் குடுத்தவர் வேலையை விட்டா, அடுத்த ஆளின்ர பேரைப் போடுமட்டும் ஒரு போத்திலும் விக்கேலாது. அதால மனிசியையும் பொறுப்பாளராக வேண்டிய சோதனையை எழுதச் சொல்லுங்கோ, 40 கேள்வி, 28 சரி வந்தாக் காணும். தட்டுகளை இடம் மாத்தினாலும் பிளானோட ஒத்துப்போகுதோ எண்டு பாருங்கோ, சின்ன மாற்றத்துக்கு 89 பவுண். ஆண்டுக் கட்டணத்தை மறந்தால் லைசன்ஸை நிப்பாட்டி வைப்பினம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஊருக்குப் போய் வந்து பார்த்தா...

தென்லண்டன் கடைக்காரன்
அண்ணை, நான் அதைக் கேக்கேல்லை.

திருச்சி வாசகி
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கடைக்காரர் லைசென்ஸ் கேட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டி ஆட்சேபிச்சு, அதை மூணு பேர் உட்கார்ந்து கேட்டாங்கன்னு படிக்கவே ஆச்சரியமா இருக்கு. இங்கே 2003லிருந்து சில்லறை விற்பனையே அரசாங்கம்தான். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளி வைக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதும், 2017ல எங்க தெருவுக்குப் பின்னாடியே ஒரு கடை வந்தது. எங்களுக்குத் தெரிஞ்சதே ஷட்டர் மேலே பச்சை போர்டு மாட்டினப்பதான். அம்மா மத்த பெண்களோட போய் ஷட்டர் முன்னாடி உட்கார்ந்தாங்க. அவங்க வாழ்நாள்ல தெருவில உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான். வெயில் சுடுதுன்னு செருப்பைக் கழட்டிப் போட்டு அதுமேல உட்கார்ந்திருந்தாங்க. உங்க பாட்டிக்கு அஞ்சு நிமிஷமாவது கிடைச்சுது.

ஹரோ தம்பி
அஞ்சு நிமிசம் குடுத்து என்ன பிரயோசனம் அக்கா, முடிவு ஒண்டுதானே. அதைவிடக் குடுக்காமலே விட்டிருக்கலாம்.

திருச்சி வாசகி
இல்லை தம்பி. ஒண்ணு இல்லை.

ஸ்காபரோ
ஒன்ராறியோவில 2024 செப்ரெம்பர் 5இல இருந்துதான் எங்களைப் போல மூலைக்கடையளில பியரும் வைனும் விக்க விட்டவை. முதல் லோட் வந்தண்டு அம்மா கடைக்கு வந்தவ. பெட்டியளைப் பார்த்தா. ஸ்ரூலை இழுத்துப் போட்டு ஏறி, ரில்லுக்குப் பின்னால இருந்த பிள்ளையார் படத்தைக் கழட்டி, தன்ர சால்வையால சுத்திக்கொண்டு போட்டா. ஏசினாலும் பரவாயில்லை எண்டு இருந்தது. ஆணி இன்னும் சுவரில கிடக்கு.

நீலத்தாள்
தென்லண்டன் அண்ணை, கேக்கிறன் எண்டு குறைநினைக்காதேங்கோ. அந்த மகன் கடைக்கு வந்தவரோ?

தென்லண்டன் கடைக்காரன்
இன்னும் இல்லை. போன வியாழன் றோட்டில கண்டன். எங்கட கடைக்கு முன்னால வர முந்தி மற்றப் பக்கத்துக்குக் கடந்து, சந்தி தாண்டித் திரும்ப இந்தப் பக்கம் வந்தார். மழை. இந்தப் பக்கம்தான் பந்தல் இருக்கு.

அனுபவசாலி அண்ணை, ஹோல்சேல் நம்பர் பார்த்திட்டன். நன்றி.