பாங்காக் பயணம்: நான் சொல்லும் தாய்லாந்து மொழி வார்த்தைகள் புரியவில்லை என்கிறார்கள், உதவுங்கள்

சித்ரா_திருச்சி:
அடுத்த மாதம் அம்மா அப்பாவுடன் பாங்காக், அப்புறம் சியாங் மாய் போகிறோம். அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். நாலு வார்த்தையாவது தெரிந்து வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆப்பில் படிக்கிறேன். எங்கள் கம்பெனியின் பாங்காக் கிளையில் இருக்கும் பெண்ணிடம் வீடியோ காலில் பேசிக் காட்டினால் அவருக்குப் பாதிதான் புரிகிறது.

"மை" என்றால் இல்லை. கேள்வியின் கடைசியிலும் "மை". புதுசு என்பதற்கும் "மை". எப்படிப் பிரிப்பது? காரத்துக்கான சொல்லை ஆங்கில எழுத்தில் பார்த்து "ஃபெட்" என்றேன், சிரிக்கிறார். பெண்கள் "கா", ஆண்கள் "க்ரப்" சேர்க்க வேண்டுமாம். அப்படியானால் ஆண்களிடம் பேசும்போது நான் க்ரப் சொல்லவேண்டுமா? எல்லாவற்றையும்விட முக்கியம், மீன் சாஸ் போடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

பாங்காக்_வாசி:
கடைசிக்கு முந்தின கேள்வி சுலபம். பேசுகிறவர் யார் என்பதுதான் கணக்கு. நீங்களும் அம்மாவும் யாரிடம் பேசினாலும் "கா", அப்பா "க்ரப்". தெருவில் ர விழுந்து "கப்" என்றுதான் கேட்கும். நம் ஆட்கள் அதை "கப்பு" என்று முடிப்பார்கள், அது வேண்டாம். உதட்டை மூடியதோடு நிறுத்துங்கள்.

ஆங்கில எழுத்துதான் உங்களைக் கெடுக்கிறது. அங்கே பி-யும் எச்-சும் சேர்ந்து வந்தால் ஃப இல்லை, மூச்சு விட்டுச் சொல்லும் ப. பூகெட் தீவின் பெயரும் அப்படித்தான். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து "பெட்" சொல்லிப் பாருங்கள். காற்று கையில் பட்டால் காரம். படாவிட்டால் வாத்து! இரண்டுக்கும் ராகம் ஒன்றேதான், மூச்சு மட்டும்தான் வித்தியாசம்.

"மை" விஷயத்துக்கு வருகிறேன். தாய்லாந்து மொழியில் 5 தொனிகள். இல்லை என்கிற மை மேலே தொடங்கிச் சறுக்கி இறங்கும். கேள்வி மை மேலேயே நிற்கும். புதுசு என்கிற மை அடித்தொண்டையில் தாழ்ந்து வரும். முதல் நாளே இது நாக்கில் வராது, கவலை வேண்டாம். இடத்தைச் சரியாகப் பிடியுங்கள்: இல்லை என்கிற மை முன்னால் வரும், கேள்வி மை கடைசியில் வரும். "மை பெட்" காரம் இல்லை. "பெட் மை?" காரமா? தொனி கொஞ்சம் பிசகினாலும் கடைக்காரர் பிடித்துக்கொள்வார்.

இடம் காப்பாற்றாத சொல் ஒன்று உண்டு: "க்லை". இறங்கு தொனியில் சொன்னால் பக்கம், சமமாகச் சொன்னால் தூரம். வழி கேட்கும்போது அந்தச் சொல் பக்கமே போகாதீர்கள். "கீ நாத்தீ?" எத்தனை நிமிடம் என்று கேளுங்கள்.

சைவப்_பயணி:
சித்ரா அக்கா, சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன். நீங்கள் கேட்டது "மை சை நாம் ப்ளா கா". புரிந்துகொள்வார்கள், நாம் ப்ளாவை விட்டும் விடுவார்கள். ஆனால் சிப்பி சாஸ் விழும். குழம்பு மசாலாவில் இறால் விழுது ஏற்கெனவே அரைத்துக் கலந்திருக்கும், அதை எடுக்க வழியே இல்லை. ஒவ்வொன்றாக வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி முடியாது.

அதனால் "கின் ஜே" என்று சொல்லுங்கள், ஜே சாப்பாடு சாப்பிடுகிறேன் என்று அர்த்தம். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை. மஞ்சள் கொடியிலோ பலகையிலோ சிவப்பு எழுத்து இருக்கும், நமக்கு 17 என்று எழுதினது மாதிரி தெரியும். அதைப் பார்த்தால் உள்ளே போய்விடலாம். "மங்சவிரட்" என்று வேறொரு சொல் சொல்லித் தருவார்கள். அதில் முட்டை வரலாம். அம்மாவுக்கு ஜேதான் சரி. தெருவோரப் பப்பாளி சாலட் மட்டும் வேண்டாம், வழக்கமாக அதில் காய்ந்த இறாலும் மீன் சாஸும் சேர்த்துத்தான் இடிப்பார்கள்.

கோவை_கார்த்தி:
எண்களைப் படித்துக்கொள்ளுங்கள், பேரத்துக்கு உதவும். நுங், சோங், சாம், சீ, ஹா, ஹோக், ஜெட், பேட், காவ், சிப். அப்புறம் சாம் சிப் 30, சீ சிப் 40 என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 20 மட்டும் முரண்டு பிடிக்கும், யீ சிப். "தாவ் ரை?" எவ்வளவு, "பேங் பை" விலை ரொம்ப அதிகம். அவர் சொல்லும் பதில் புரியாவிட்டால் போனில் கால்குலேட்டரை நீட்டுங்கள், அவரே தட்டிக் காட்டுவார்.

அம்மாவை சீலோம் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவீர்கள்தானே? டாக்ஸிக்காரரிடம் மாரியம்மன் என்றால் விழிக்கலாம். "வாட் கேக், சீலோம்" என்றால் போதும். அவசரத்துக்குச் சுற்றுலா போலீஸ் 1155, ஆங்கிலத்திலேயே பேசலாம்.

சித்ரா_திருச்சி:
எல்லோருக்கும் நன்றி. உள்ளங்கை வைத்துப் பழகி இன்று வீடியோ காலில் சொன்னேன், காரம் என்று சரியாகப் புரிந்துகொண்டார். அம்மாவும் "கின் ஜே கா" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னொன்று: சியாங் மாயில் பேச்சு வேறு என்கிறார்களே, இதெல்லாம் அங்கே எடுபடுமா?

பாங்காக்_வாசி:
தாராளமாக எடுபடும். வடக்கே வட்டார மொழி உண்டு, ஆனால் பாங்காக் பேச்சு எல்லோருக்கும் தெரியும். அங்கே பெண்கள் "கா"வுக்குப் பதில் "ஜாவ்" என்று இழுப்பார்கள், கேட்டுக் குழம்ப வேண்டாம். நீங்கள் "கா" என்றே சொல்லுங்கள். ஜே கடை கண்ணில் பட்டால் "காவ் சோய் ஜே" இருக்கிறதா என்று கேளுங்கள். தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ், மேலே பொரித்த நூடுல்ஸ் தூவித் தருவார்கள்.