கனகாம்பரம் நாறுமா, நாறாதா?

வைகைக்கரையான்: நேற்று செடி வளர்ப்புப் பகுதியில் ஒருவர் 'கனகாம்பரம் நாறாத பூ' என்று எழுதியிருந்தார். உடனே ஓர் அறிவாளி வந்து, "நாறாத என்றால் கெட்ட வாடை அடிக்காத என்று அர்த்தம். மணமில்லாத என்று எழுதப் பழகுங்கள்" என்று பாடம் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார். 650ஆம் குறளைப் படித்ததே இல்லையா? 'இணரூழ்த்தும் நாறா மலரனையர்.' கொத்துக் கொத்தாகப் பூத்தும் மணக்காத பூ. வள்ளுவருக்கே தமிழ் தெரியாது என்கிறாரா?

பொடிமட்டை: அந்த அறிவாளி நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். வள்ளுவருக்குத் தமிழ் தெரியும். உங்களுக்குத்தான் எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று தெரியவில்லை. நாளைக்குப் பூக்காரம்மாவிடம் போய் "அக்கா, மல்லி நல்லா நாறுது" என்று சொல்லிப் பாருங்கள். முழம் போடுகிற கையாலேயே கிடைக்கும்.

வைகைக்கரையான்: பூக்காரம்மாவை விடுங்கள். நான் கேட்டது 650. நாறா மலர். பதில்?

மரிக்கொழுந்து: சண்டைக்கு நடுவில் ஒன்று. கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது என்பது சரிதான். கதம்பத்தில் அதை நிறத்துக்காகச் சேர்ப்போம், வாசத்துக்கு மரிக்கொழுந்து வைத்துக் கட்டுவோம்.

பொடிமட்டை: மு.வ. உரையை எடுத்துப் பாருங்கள் சார். 'மணம் கமழாத மலர்' என்றுதான் எழுதியிருக்கிறார். 'நாறாத' என்று போட்டால் படிக்கிறவன் மூக்கைப் பிடிப்பான் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

வைகைக்கரையான்: ஆக, நாறா என்றால் மணம் கமழாத என்று மு.வ.வே சொல்லிவிட்டார். என் வேலையை நீங்களே முடித்துக் கொடுத்ததற்கு நன்றி. அப்புறம், ஆண்டாள் சங்கிடம் 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று கேட்டது பெருமாள் வாயைப் பற்றி. உங்கள் கணக்கில் அதற்கு என்ன அர்த்தம்? சொல்லுங்கள், எல்லாரும் படிக்கட்டும்.

பொடிமட்டை: சாமியை இழுக்காதீர்கள். போன மாசம் 'முயற்சித்தான்' சண்டையிலும் தோற்கிற நேரத்தில்தான் பாசுரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

வைகைக்கரையான்: யார் தோற்றது? முயன்றான் என்பதே சரி. 'முயற்சித்தான்' அன்றைக்கும் தப்பு, இன்றைக்கும் தப்பு.

அடுப்பங்கரை: சிலிண்டர் கேஸுக்கும் இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். அதை 'நாறாத வாயு' என்றா பாடப்புத்தகத்தில் போட முடியும்? 'நிறமற்ற, மணமற்ற' என்றுதானே படித்தோம்?

பொடிமட்டை: அப்படிக் கேளுங்க!

வைகைக்கரையான்: அம்மா, மெர்காப்டன் அடிப்பது மணமா? அழுகின முட்டைக்கோஸ் வாடை. 'மணமற்ற' என்றால் நல்ல வாசனைதான் இல்லை, துர்வாடை இருக்கலாம் என்று நானும் வம்பு பண்ணலாமே? நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொதுவாக இருந்த சொல் நாற்றம். அதைக் கெட்டதுக்கு மட்டும் எழுதி வைத்தது உங்களைப் போன்றவர்கள். 650க்கு இன்னும் பதில் வரவில்லை.

அடுப்பங்கரை: அம்மாவா? எனக்கு மீசை இருக்கிறது சார். அடுப்பங்கரை என்றாலே பொம்பளையா?

வைகைக்கரையான்: பேரை அப்படி வைத்தால் வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? அதை விடுங்கள். 650.

பொடிமட்டை: ஒரு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை பாருங்கள். இவர் சொல்வன்மை அதிகாரத்திலிருந்து குறள் சொல்ல வந்துவிட்டார்.

வைகைக்கரையான்: அதிகாரத்தின் பெயராவது தெரிந்திருக்கிறதே. அதில் கடைசிக் குறள்தான் 650. படித்துவிட்டு வாருங்கள், இங்கேதான் இருப்பேன்.