வேகமா இழுத்தா லூர் ஒருபக்கமா ஓடுது

அண்ணன்மாரே, முட்டம் பாறையில பாரை மீனுக்கு வீசுற 12 செ.மீ. மிதக்கும் மின்னோ லூர் இது, அதாவது சின்ன மீன் வடிவத்துல இருக்கிற போலி இரை. மெதுவா இழுத்தா நேரா நீந்துது. வேகம் கூட்டினா வலப்பக்கம் ஓடி, உருண்டு மேல வந்துருது. போன மாசம் ஒரு பெரிய சீலா மீன் கடிச்சு இழுத்ததுக்கு அப்புறம்தான் இப்படி.

நரம்பு கட்டுற மூக்கு வளையத்தைக் குறடால இடப்பக்கம் இம்மி இம்மியா வளைச்சேன். கொஞ்சம் குறைஞ்சுது, தீரல. முள்ளு ரெண்டும் அதே அளவுல புதுசு. லூருக்கு முன்னால கட்டுற கம்பி லீடரை எடுத்துட்டு நைலான்ல கட்டியும் பார்த்தாச்சு. வெதுவெதுப்பான தண்ணியில முக்கினா குமிழி வரல, அதனால உள்ள தண்ணி ஏறல. ஆனா லூரைத் தண்ணியில நீந்த வைக்கிற முன்தட்டு உடம்போட சேருற இடத்துல மயிரிழைக் கீறல் தெரியுது. எனக்கு அதுமேலதான் சந்தேகம். பாரைக்கு வேகமா இழுக்காம முடியாது, நல்ல லூரைத் தூக்கிப்போடவும் மனசில்ல.

கீறல்ல எபாக்சி பசை விட்டுத் தட்டை நேராக்கினா பழைய நீச்சல் திரும்புமா, இல்ல தட்டையே மாத்தணுமா?