மறு: மறு: டோர் கண்ட்ரோலருக்குத் தமிழ்ச் சொல் – திங்கட்கிழமைக்குள் வேண்டும்

அம்பத்தூர் | வியாழன், இரவு 9.40

குழுவினருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அலுவலகங்களில் கார்டைக் காட்டினால் கதவு திறக்கிறதே, அந்த ஏற்பாட்டைப் பற்றியது. ஏழாம் பாடம், ஒரு கட்டடத்துக்கு ஏற்ற டோர் கண்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது. அச்சகத்துக்குத் திங்கள் காலை கொடுத்தாக வேண்டும்.

'கதவுக் கட்டுப்படுத்தி' என்று எழுதி வகுப்பில் ஒருமுறை நடத்தியும் பார்த்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "மேடம், கதவு படார்னு அடிக்காம கட்டுப்படுத்துறது டோர் குளோசர்தானே?" என்றான். அவன் கேட்டதில் என்ன தப்பு? கதவின் தலையில் கை மடக்கி உட்கார்ந்திருக்கிறதே எண்ணெய் அடைத்த குளோசர், கதவை நிஜமாகவே கட்டுப்படுத்துவது அதுதான். நான் சொல்லும் பெட்டி கதவைத் தொடுவதே இல்லை. ரீடர் படித்த கார்டு எண்ணை வாங்குகிறது, இந்த ஆள் இந்த நேரத்தில் இந்தக் கதவுக்குள் போகலாமா என்று பார்க்கிறது, போகலாம் என்றால் ரிலே என்ற மின்சுவிட்சைத் தட்டிப் பூட்டை விடுவிக்கிறது, நடந்ததைக் குறித்து வைக்கிறது. பாடத்தில் 61 இடத்தில் இந்தச் சொல் வருகிறது. உதவுங்கள்.

மயிலாப்பூர் | வியாழன், இரவு 11.15

அம்மா, 'கட்டுப்படுத்தி' வந்த நாளிலிருந்தே எனக்கு ஆகாத சொல். கட்டு, படு, து, இ என்று நான்கு பெட்டி கோத்த கூட்ஸ் வண்டி. 'கதவு' என்ற நிலைமொழியும் பொருந்தவில்லை. கதவு என்பது வெறும் பலகை. நீங்கள் காப்பது வாயிலை. இல்லத்தின் வாய் 'இல்வாய்', அது முன்பின்னாகி 'வாயில்', இலக்கணப் போலி. பிறகு வாயில் மருவி வாசல் ஆயிற்று. கணினிக்கு ஓர் இகர ஈறு கொடுத்தது போல இதற்கும் கொடுத்தால் 'வாயிலி'. மூன்றெழுத்து. 61 இடத்திலும் தாள் மிச்சம்.

தாம்பரம் | வெள்ளி, காலை 7.05

ஐயா, வாயிலி என்றால் வாய் இல்லாதவன் என்றுதான் எனக்குப் படிக்க வருகிறது. வாய் + இலி. 61 இடத்திலும் ஒரு ஊமை நிற்பான்.

மென்பொருள் தமிழாக்கத்தில் இந்த மாதிரிச் சொல் வரும்போது 'ஆளி' போட்டுத் தப்பித்துவிடுவேன். 'கதவாளி' எப்படி?

அம்பத்தூர் | வெள்ளி, காலை 7.20

குற்றவாளி, கடனாளி, கதவாளி. மாணவர்கள் அட்டெண்டன்ஸிலேயே ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள்.

வளசரவாக்கம் | வெள்ளி, காலை 8.30

எங்கட பள்ளிக்கூடத்தில் 'ஆளி' எண்டால் சுவிட்ச். பௌதிகவியல் புத்தகத்தில் மின்சுற்று வரைந்தால் ஆளியும் சேர்த்துத்தான் வரைவம். ஆகவே 'கதவாளி'யை இலங்கையில் வாசிக்கிறவர் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற சுவிட்ச் எண்டு நினைப்பார். அதுவும் வேற அங்கே இருக்குதே, உள்ளேயிருந்து வெளியே வர அமத்துற பொத்தான்.

இன்னுமொண்டு: யாராவது 'திறப்பு' எண்டு தொடங்கும் சொல்லைக் கொண்டுவரப் போறியள் எண்டால் முன்கூட்டியே சொல்லுறன், எங்களுக்குத் திறப்பு எண்டால் சாவி.

துரைப்பாக்கம் | வெள்ளி, பகல் 1.50

பதினாறு வருடமாக இந்தப் பெட்டிகளை மாட்டிக்கொண்டிருப்பவன் நான். சைட்டில் இதற்குப் பெயர் 'கண்ட்ரோலர்', அவசரத்துக்கு 'பேனல்'. இரண்டாவதைத் தயவுசெய்து போடாதீர்கள். புதுப் பையனிடம் ஒருமுறை ஏணி மேல் நின்றபடி "பேனலை ஆஃப் பண்ணுடா" என்றேன். அவன் ஃபயர் அலாரம் பேனலை அணைத்துவிட்டு வந்து நின்றான். மூன்று மாடிக்கு யார் யார் காலில் விழுந்தேன் என்பது தனிக் கதை.

'வாயில்' என்று தொடங்கலாம் என்று ஐயா சொன்னது எனக்குப் பிடித்தது. காரணம் இலக்கணம் இல்லை. விலைப்பட்டியலில் ஒரு கதவுக்கானது, இரண்டுக்கானது, நான்குக்கானது என்று வரும். தமிழில் 'இரட்டைக் கதவு' என்றால் இரண்டு பலகை உள்ள ஒரே வாசல். அதற்கு ஒரு கதவுக் கண்ட்ரோலரே போதும். வாங்கப் போகிறவர் ரிச்சி தெருவில் போய் இரட்டிப்புப் பணம் கொடுத்துவிட்டு வருவார். 'இரண்டு வாயில்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

டீச்சர், பாடத்தில் இதையும் எழுதுங்கள்: கதவை எண்ணினால் போதாது, ரீடரை எண்ண வேண்டும். உள்ளே போகவும் கார்டு, வெளியே வரவும் கார்டு என்றால் ஒரு வாயிலுக்கு இரண்டு ரீடர். அப்புறம், நான்கு வாயிலுக்கு ஒரே பெட்டி மலிவுதான், ஆனால் அது செத்தால் நான்கும் சேர்ந்து சாகும்.

மயிலாப்பூர் | வெள்ளி, மாலை 5.30

வாயிலியைத் திரும்பப் பெறுகிறேன். ஊமை என்று கேட்ட பிறகு எனக்கும் அப்படியே கேட்கிறது. சொல் புதிதாக எதற்கு, இருக்கிறதே: 'வாயிலோன்'. வழக்குரை காதையில் கண்ணகி முதலில் விளிப்பது பாண்டியனை இல்லை, வாயிலோனை. உயிரில்லாப் பொருளுக்கு ஆண்பால் விகுதியா என்று கேட்பீர்கள். ஞாயிறும் திங்களும் கதிரவன், சந்திரன் ஆகவில்லையா?

துரைப்பாக்கம் | வெள்ளி, இரவு 10.10

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காட்சியில் வாயிலோன் முடிவா எடுக்கிறான்? வந்தவள் கையில் ஒற்றைச் சிலம்பு, கணவனை இழந்தவள், கடையில் நிற்கிறாள் என்று பார்த்ததை உள்ளே போய் அரசனிடம் ஒப்பிக்கிறான். வரச் சொல் என்பது அரசன் வாய்ச்சொல். ஆக வாயிலோன் செய்வது ரீடர் வேலை. சிலம்புதான் கார்டு.

இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தேர்ந்தெடுப்பதில் முதல் கேள்வியே இதுதான். சில பெட்டிகள் ஒவ்வொரு கார்டுக்கும் எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டுத்தான் திறக்கும். சிலவற்றில் பட்டியல் உள்ளேயே இருக்கும், நெட்வொர்க் போனாலும் தானே முடிவெடுக்கும், நடந்ததைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் ஓ.எம்.ஆரில் ஒரு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஜெனரேட்டர் ஓடுகிறது, காந்தப் பூட்டு கெட்டியாகப் பிடித்திருக்கிறது, சர்வருக்குப் போகும் லைன் அறுந்து கிடக்கிறது. பெட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறது, பதில் சொல்ல அரசன் இல்லை. ஊழியர்கள் நனைந்தபடி வராந்தாவில். கடைசியில் பூட்டுக்கு வரும் கரண்ட்டைப் பிடுங்கித்தான் கதவைத் திறந்தேன்.

ஆகவே என் வேண்டுகோள்: சொல்லில் காவல் வேண்டாம். முடிவெடுப்பது தெரிய வேண்டும்.

மயிலாப்பூர் | சனி, காலை 5.10

கோபமில்லை தம்பி, தூக்கம்தான் வரவில்லை. உங்கள் வாதப்படியே போனாலும் நம்மிடம் இரண்டு காவலர் உண்டு. மார்கழியில் தெருத்தெருவாகக் கேட்கிறோமே, திருப்பாவையின் பதினாறாம் பாட்டு, அதில் ஆண்டாள் கோயில் காப்பானை ஒருமுறையும் வாயில் காப்பானை ஒருமுறையும் தனித்தனியாக அழைக்கிறாள். வெளியே நிற்பவன் ரீடர், உள்ளே இருப்பவன் உங்கள் பெட்டி. 'கோயில் காப்பான்' என்றால் என்ன குறை?

இன்னொன்று. கார்டுக்கும் சொல் தேடவேண்டியதில்லை. 'தாழ்' என்பது 'கோல்' என்பதோடு புணர்ந்தால் இடையில் 'அக்கு'ச் சாரியை வரலாம் என்று தொல்காப்பியம் விதிக்கிறது: தாழ்க்கோல், தாழக்கோல். திறவுகோல்தான் அது. இரண்டு வடிவுக்கும் விதி சொல்லும் அளவுக்கு அன்றே வழக்கில் இருந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுப் போர்த்துகீசியர் கொண்டுவந்த சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறோம். தாழா, தாளா என்பதிலும் எனக்குச் சில கருத்துகள் உண்டு. மாலை எழுதுகிறேன்.

தாம்பரம் | சனி, காலை 8.00

வேண்டாம் ஐயா, மாலை எழுத வேண்டாம். 'கோயில் காப்பான்' என்று அச்சடித்தால் அறநிலையத் துறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பம் வந்துவிடும்.

துரைப்பாக்கம் | சனி, காலை 9.15

இல்லை, அந்த உள்ளே வெளியே விஷயம் சரியான பாயிண்ட். ரீடரும் முடிவெடுக்கும் மூளையும் ரிலேயும் ஒரே பெட்டியில் வரும் சாமான் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாசலுக்கு வெளியே மாட்டிவிடுவார்கள். பூட்டுக்குப் போகும் ஒயர் அப்போது திருடன் பக்கத்தில் இருக்கிறது. மூடியைக் கழற்றிப் பூட்டு ஒயரோடு கொஞ்சம் விளையாடினால் கார்டே வேண்டாம். கண்ட்ரோலர் தனியாக, பூட்டிய கதவுக்கு உள்பக்கம் இருக்க வேண்டும் என்பதற்கு ஆண்டாளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

ரீடருக்கும் பெட்டிக்கும் இடையே ஓடும் பேச்சையும் பாடத்தில் விட்டுவிடாதீர்கள். பழைய வீகண்ட் முறை ஒருவழிப் பேச்சு. ரீடர் எண்ணைக் கத்திவிட்டுப் போகும், பொதுவாக 26 பிட், மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) கிடையாது. நடுவில் ஒயரைத் தட்டி ஒட்டுக்கேட்டால் அப்படியே கேட்கும். தூரமும் சுமார் 150 மீட்டர்தான். அதற்குப் பின் வந்த ஓ.எஸ்.டி.பி. முறை இருவழிப் பேச்சு, ஆர்.எஸ்.485 ஒயரில் 1200 மீட்டர் வரை போகும், மறையாக்கமும் உண்டு. ஆனால் அதை இயக்கி வைத்தால்தான் உண்டு. பெட்டியில் இரண்டுக்கும் இடம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அம்பத்தூர் | சனி, பகல் 12.30

ஒருவழிப் பேச்சு, இருவழிப் பேச்சு இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். யாரும் உருவாக்காமலே வந்த சொற்கள்.

நடுவில் ஒரு சின்ன உதவி. கரண்ட் போனால் தானே திறந்துகொள்ளும் பூட்டு, கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கும் பூட்டு, இந்த இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? ஆங்கிலத்தில் ஃபெயில் சேஃப், ஃபெயில் செக்யூர். பையன்கள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள்.

மயிலாப்பூர் | சனி, பகல் 12.55

பிழைத்தல்! நம் மொழியில் பிழைத்தல் என்றால் தவறுதல், பிழைத்தல் என்றால் உயிர் தப்புதல். கண்ணகி 'பிழைத்தோன்' என்று சொல்வது முதற்பொருளில். ஆகவே முதற்பூட்டு 'பிழைத்தால் பிழைக்க வைப்பது'. எந்த மொழியில் இந்த வசதி இருக்கிறது?

துரைப்பாக்கம் | சனி, பகல் 1.05

அழகாக இருக்கிறது. தீப்பிடிக்கும்போது இலக்கணம் யோசிக்க நேரம் இருக்காது. 'மின்போனால் திறக்கும்', 'மின்போனால் திறக்காது'. முடிந்தது. காந்தப் பூட்டு முதல் வகை. ஃபயர் அலாரம் அடித்தால் கண்ட்ரோலரைக் கேட்காமல் நேராகப் பூட்டின் மின்சாரத்தையே வெட்டும்படி இணைக்க வேண்டும், இதைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

தாம்பரம் | சனி, இரவு 8.45

இன்று நான் யோசித்தவை, கிடைத்த அடியோடு. 'கதவாணையம்': ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் அமைத்ததா என்று மனைவி கேட்டாள். 'வாயில் இசைவி': இசைவு, அதாவது சம்மதம். மகன் சுருதிப் பெட்டியா என்றான். 'கடைக்காவலி': கடை என்றால் பழைய தமிழில் வாயில். இப்போது சென்னையில் கடை என்றால் கடைதான், வாசலில் நிற்பவர் செக்யூரிட்டி.

மிஞ்சியது 'வாயில் அனுமதிப் பெட்டி'. முதல்முறைக்குப் பிறகு சுருக்கமாக 'அனுமதிப் பெட்டி'.

வளசரவாக்கம் | சனி, இரவு 9.20

எனக்குச் சம்மதம். அங்கேயும் விளங்கும், இங்கேயும் விளங்கும். அப்பிடி ஒரு சொல் கிடைக்கிறதே பெரிய விஷயம்.

துரைப்பாக்கம் | சனி, இரவு 9.40

பெட்டி என்று வருவதால் பையன் மேலே ஃபால்ஸ் சீலிங்கில் எதைத் தேடுவது என்று தெரியும். சரி என்கிறேன். சைட்டில் நான் கண்ட்ரோலர் என்றுதான் சொல்வேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மயிலாப்பூர் | ஞாயிறு, காலை 4.50

'அனுமதி' வடசொல். 'இசைவு' இருக்க இது எதற்கு? சுருதிப் பெட்டி என்று ஒரு பிள்ளை சிரித்தான் என்பதற்காக நல்ல சொல்லைக் கைவிட்டால், நாளைக்கு எந்தச் சொல் தப்பும்? புணர்ச்சியாவது செய்யுங்கள்: 'வாயிற் பெட்டி'.

அம்பத்தூர் | ஞாயிறு, காலை 6.15

ஐயா, வாயிற் பெட்டியை வகுப்பில் வயிற்றுப் பெட்டி என்று படிப்பார்கள். மன்னியுங்கள்.

குழு நிர்வாகி | ஞாயிறு, பகல் 11.00

எண்ணிப் பார்த்ததில் 'அனுமதிப் பெட்டி'க்கு மூன்று, 'இசைவு'க்கு ஒன்று, மற்ற நூற்றுச் சொச்சம் பேர் வழக்கம்போல் மௌனம். இழையை மூடலாமா?

அம்பத்தூர் | திங்கள், காலை 6.30

அனுப்பிவிட்டேன். பாடத் தலைப்பில் 'வாயில் அனுமதிப் பெட்டி', முதல் பத்தியில் 'சைட்டில் கண்ட்ரோலர் என்பார்கள்' என்று ஒரு வரி. சர்வர் பகுதியில் வாயிலோன் கதையையும் சேர்த்திருக்கிறேன். கார்டு கார்டாகவே இருக்கிறது.

எட்டாம் பாடம் அடுத்த மாதம். ஒருவர் கார்டைக் காட்டி உள்ளே போய், அதே கார்டை ஜன்னல் வழியாக நண்பரிடம் நீட்டி அவரையும் உள்ளே கூப்பிடுவதைத் தடுக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் வேண்டும். புதிய இழையில் கேட்கிறேன்.

மயிலாப்பூர் | திங்கள், காலை 6.42

மூடுவதற்கு முன் ஒன்று. என் பிரதியில் 61 இடத்திலும் 'இசைவுப் பெட்டி' என்று பேனாவால் திருத்திக்கொள்வேன். ஒரு பிரதி எடுத்து வையுங்கள் அம்மா, விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். தாழ், தாள் பற்றிய மடல் தனியே வருகிறது.