வீடியோ காலில் பின்னணி மங்கல் பாதியில் கலைகிறது, வழி சொல்லுங்க (செங்கோட்டை)

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, போன் ஆண்ட்ராய்டு, 4 ஜிபி ரேம். வாட்ஸ்அப் காலில் எஃபெக்ட்ஸ் பொத்தானைத் தொட்டு, பின்னணிக்குப் போய் மங்கலைத் தேர்ந்தால் நன்றாகவே வருகிறது. கூகுள் மீட்டில் சேரும் முன்பே எஃபெக்ட்ஸ் கிடைக்கும், அதிலும் குறையில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் போனால்தான் வம்பு: காதோரமும் முடியோரமும் பிய்ந்து, பின்னால் கொடியில் கிடக்கும் துணியெல்லாம் ஊருக்குத் தெரிகிறது.

பாதிக் காரணம் பிடிபடுகிறது. ஆள் வேறு, பின்னணி வேறு என்று ஒவ்வொரு பிரேமிலும் போன் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சூடேறினால் பிராசசர் வேகத்தைக் குறைத்துவிடும். ஆரியங்காவு மலைப்பக்கத்து டவரை இதற்குத் திட்டிப் பயனில்லை. சாரல் மாதங்களில் அறையும் இருட்டு. இருட்டில் கேமரா வெளிச்சத்தைக் கூட்ட, படம் புள்ளி புள்ளியாகி ஓரம் குழம்புகிறது.

செய்து பார்த்தது: ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் முகத்துக்கு எதிரே, சுவரிலிருந்து நாலடி தள்ளி, சார்ஜரும் பவுச்சும் கழற்றி, பேட்டரி சேவர் அணைத்து. சூடு தணிந்தது, ஓரம் தேறவில்லை. வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டை என்றால் தோளே காணாமல் போகிறது!

ஐபோன் எக்ஸ்ஆர் முதல், ஐஓஎஸ் 15 இருந்தால், கால் நடக்கும்போதே கண்ட்ரோல் சென்டரில் போர்ட்ரெய்ட் போடலாம். சாம்சங் சில மாடல்களில் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸுக்குள் வீடியோ கால் எஃபெக்ட்ஸ் உண்டு. இப்படிப் போனிலேயே மங்கலாக்கும் வசதி விலை குறைந்த எந்த மாடலில் இருக்கிறது? அரை மணி நேரம் தாங்குமா? பயன்படுத்துகிறவர்கள் மாடல் பெயரோடு சொல்லுங்க.